டிரைவரம்மா வாங்கிய பியானோ

பதினேழாம் நம்பர் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிவரும் டிரைவரம்மா ஒரு கிராண்ட் பியானோ வாங்கப்போகிறாள் என்றதும் டிப்போவில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், அதை எங்கே நிறுத்துவாய் என்று கேட்டார்கள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டாம் மாடியில் வீடு. இருப்பது ஒரே கூடம். அதில் ஜன்னல் கண்ணாடி வெட்டும் தொழில் பார்க்கும் கணவர், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய அக்கா, எல்லாருக்கும் நடுவில் அந்த அக்காவின் சாப்பாட்டு மேசை. மேசையில் சாப்பிடுவது குறைவு. ஆயிரம் துண்டுப் படங்களை அடுக்கிச் சேர்ப்பது, டிரைவரம்மா அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்காவின் பொழுதுபோக்கு. எப்போது பார்த்தாலும் பாதி மலையோ கால்வாசிக் கப்பலோ அதன்மேல் பரந்து கிடக்கும்.

டிரைவரம்மா பியானோ கற்க ஆரம்பித்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வாரம் ஒரு நாள் டீச்சர் வீட்டுக்குப் போவாள். மற்ற நாட்களில் படுக்கையறையில் சின்ன எலக்ட்ரிக் கீபோர்டு, காதில் ஹெட்போன். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பதெல்லாம் கட்டைகள் அமுங்கும் டொக் டொக் மட்டும். அடுத்த அறையில் யாரோ காய் நறுக்குவதுபோல இருக்கும். நாலு வருஷம் இப்படியே போயிற்று. இனி உன் விரலுக்கு இந்தக் கீபோர்டு காணாது என்று டீச்சர்தான் சொன்னாள். சரக்குக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் ஒருவர் பழைய பியானோக்களைச் சீர்செய்து விற்கிறார், அவரிடம் தொண்ணூறு வயசுப் பியானோ ஒன்று தயாராக நிற்கிறது என்று தகவலும் தந்தாள்.

கண்ணாடிக்காரக் கணவர் போனில் அளவுகளைக் கேட்டு, பழுப்புக் காகிதத்தில் பியானோவின் வடிவத்தை அச்சு அசலாக வெட்டிக் கூடத்தில் விரித்தார். காகிதத்தின் வால் மேசைக்கு அடியில் போய் முடிந்தது. மேசையைச் சுவரோரம் நகர்த்திப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டாலும் இடம் வரவில்லை. ஒன்று மேசை, இல்லையென்றால் பியானோ.

அந்த வாரம் முழுக்க, கண்ணாடிக்காரர் காகிதத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடக்க, அண்ணி கையில் டம்ளரோடு அதன் நட்டநடுவில் நடந்து போனாள். பியானோவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட டிரைவரம்மா யோசித்தாள்.

சனிக்கிழமை காலை கணவனும் மனைவியும் பியானோவைப் பார்க்கக் கிளம்பியபோது அண்ணியும் செருப்பை மாட்டினாள்.

"நான் ஒண்ணும் வாங்க வரல. எதுக்காக என் மேசை போகுதுன்னு பார்க்க வரேன்."

பட்டறையில் பசையும் மரத்தூளும் மணத்தன. சுவரெங்கும் தந்திச் சுருள்கள். இரண்டு காதிலும் பென்சில் செருகிய பியானோக்காரர் மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்து, மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். தந்திகள் புதுசு, அவற்றைத் தட்டும் சின்னச் சுத்தியல்களின் கம்பளி புதுசு. தந்திகளுக்கு அடியில் ஒலியைப் பெருக்கும் நாதப் பலகையில் மூன்று வெடிப்பு இருந்தது, மரச் சில்லு வைத்து அடைத்திருக்கிறேன் என்றார். இரண்டு கட்டைகள் மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக இருக்கும், அதற்கு மேல் நிறம் ஒத்துவரவில்லை என்றார்.

அண்ணிக்கு இதெல்லாம் பழகிய பேச்சு. எப்போது ஆபரேஷன் நடந்தது, அதற்குப் பிறகு ஏதாவது தொந்தரவு உண்டா, குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று நோயாளியின் கட்டிலருகே நிற்பதுபோல விசாரித்தாள். டார்ச் வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தாள். அடைத்த வெடிப்பின்மேல் விரலை ஓட்டினாள். தையல் நன்றாகக் கூடியிருக்கிறது என்று சான்றிதழும் கொடுத்தாள்.

வாசித்துப் பாருங்கள் என்று பியானோக்காரர் இருக்கையை இழுத்துப் போட்டார். டிரைவரம்மா உட்கார்ந்ததும் அவள் கை தானாக ஹெட்போனைத் தேடிக் கழுத்துக்குப் போனது. அப்போதுதான் உறைத்தது. இந்த நாலு வருஷத்தில் தான் வாசித்து வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மழையில் பாலம் ஏறும்போதுகூட இப்படி வேர்த்ததில்லை. கொஞ்சம் வெளியே நில்லுங்களேன் என்று இருவரையும் கேட்டாள்.

அண்ணி அசையவில்லை. "நாப்பது வருஷம் வார்டுல நின்னவ நான். வெளிய போன்னா போவேனா? நீ வாசி."

முதல் சுரம் எழும்பிய வேகத்தில் டிரைவரம்மாவே பயந்து கையை எடுத்தாள். கட்டையில் தொட்டது மார்புக்குள் கேட்டது. மறுபடி ஆரம்பித்தாள். மெதுவான, சின்ன உருப்படிதான். நடுவில் தடுமாறினாள், நிற்காமல் போனாள், ஒருவழியாக முடித்துவிட்டுத் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்காரர் அவள் தோளில் கை வைத்தார். அண்ணியின் முகத்தில் கோபம் தெரிந்தது.

"நாலு வருஷமா இதையா நீ மட்டும் காதுல மாட்டிக்கிட்டு, எங்களுக்கு வெறும் டொக்கு டொக்குன்னு காமிச்ச?"

"தப்பும் தவறுமா வரும் அண்ணி. அதான்..."

"வந்தா வரட்டும். யார் உசிரும் போகப்போறதில்ல."

பிறகு அண்ணி பியானோக்காரர் பக்கம் திரும்பி, எந்தக் கிழமை கொண்டுவருவீர்கள் என்று கேட்டாள்.

மேசை டிப்போவின் ஓய்வறைக்குப் போனது. பாதி முடிந்த கப்பலோடு அண்ணி தன் அறைக்குக் குடிபெயர்ந்தாள். கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கும்படி தம்பி ஒரு பலகை செய்து தந்திருந்தார். பியானோ வந்த அன்று, கால்களைக் கழற்றி, போர்வை சுற்றி, பக்கவாட்டில் படுக்கவைத்து மூன்று பேர் தூக்கி வந்தார்கள். முதல் மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். டிரைவரம்மா எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, படியில் குந்தி இடைவெளியைக் கண்ணால் அளந்தாள். டிப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கவைக்கிற அதே குரலில் கட்டளைகள் வந்தன. ஒரு சாண் பின்னாடி வாங்க, வாலை இடப்பக்கம் ஒடிங்க, இப்ப மூக்கைத் தூக்குங்க, வரட்டும், வரட்டும். சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் பியானோ மேலே வந்து சேர்ந்தது. தூக்கியவர்களில் மூத்தவர் அவளை எங்கள் கம்பெனிக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

டீச்சர் புது உருப்படி ஒன்று கொடுத்தாள். இப்போது வீடு முழுக்கக் கேட்டது. தப்பும் சேர்ந்தே கேட்டது. அதன் மூன்றாவது வரியில் ஒரு விரல் எப்போதும் பக்கத்துக் கட்டையில் போய் விழும். "அதே இடம்!" என்று அண்ணி அறையிலிருந்து குரல் கொடுப்பாள். டிரைவரம்மாவுக்கு ஆரம்பத்தில் சுருக்கென்றது. பிறகு அவளும் அங்கே வரும்போது, "தெரியுது அண்ணி" என்று முந்திக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரி பிசகில்லாமல் வந்தது. அண்ணி கதவருகே வந்து நின்று தலையாட்டினாள். முகச்சவரம் செய்துகொண்டிருந்த கண்ணாடிக்காரர் பாதித் தாடியும் பாதி நுரையுமாக எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மூணாவது வரி ஏதோ மாறிப்போச்சே? நான் கடையில வேற மாதிரி இல்ல சீட்டி அடிக்கறேன்?"

ஆறு வாரமாக மனுஷர் கண்ணாடி வெட்டும்போதெல்லாம் அந்தத் தப்போடுதான் சீட்டியடித்து வந்திருக்கிறார். அண்ணி சிரித்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. டிரைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்காக ஒரே ஒரு தடவை, பழையபடியே வாசித்துக் காட்டினாள்.