ஹெக்டரின் ஒன்பது சானல்கள்

அச்சகத்திலிருந்து வந்த பார்சலின் நூலை வெங்காயக் கத்தியால் அறுத்து, டெனிஷா முதல் தாளைப் புரட்டிப் பார்த்தாள். முன்பக்கத்தில் அப்பா ஹெக்டரின் படமும் மரித்தோருக்கான செபமும் சரியாகத்தான் இருந்தன. பின்பக்கத்தில், பூசைப் பாட்டுகள் வரவேண்டிய இடத்தில், "கட்டாயம் பார்க்கவேண்டிய யூடியூப் சானல்கள்" என்ற தலைப்பும் ஒன்பது வரிகளும் இருந்தன.

பிழை அவளுடையதுதான். தன் அடக்கப் பூசைக்கான பாட்டுகளை ஹெக்டர் தானே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நேற்று அழுதுகொண்டே அதைப் படமெடுத்து அச்சகத்துக்கு அனுப்பியவள், ஒரு பக்கம் தள்ளி எடுத்துவிட்டாள். அச்சகக்காரரும் ஓர் எழுத்து விடாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார், புண்ணியவான். மூன்று மணிக்குச் சவப்பெட்டியைக் கோவிலுக்கு எடுக்கவேண்டும். இப்போது இரண்டரை.

அம்மா மேபல் தாளை வாங்கித் தலைப்பைப் பார்த்தாள். முகம் இருண்டது.

"செத்த வீட்டில சிரிக்கப் போறாங்கள். ரெண்டு வருஷம் கட்டில்ல கிடந்து அந்த போனையே பாத்தார். என்ர முகத்தைப் பாத்தாரா? இப்ப பெட்டிக்குள்ள போன பிறகும் அதுதானா? ஒருத்தருக்கும் குடுக்காத பிள்ளை."

டெனிஷா தாள்கட்டைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்கப் போனாள். அதற்குள் பக்கத்து ஒழுங்கையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஷரீப் ஒரு தாளை உருவியெடுத்துவிட்டார். மனுஷன் வாசித்துக்கொண்டே போய், இரண்டாவது வரியில் சிரித்துவிட்டார்.

"பழைய ரேடியோ திருத்துற வெள்ளைக்காரன்! இது அய்யா எனக்கு போன்ல அனுப்பினது. 'முதல் மூன்று நிமிஷம் வீண் பேச்சு, தாண்டிப் போகவும்'. அதையும் எழுதித்தான் வச்சிருக்கார்." பிறகு கைக்குட்டையை எடுத்தார். "இதப் பாத்துத்தான் வாப்பாட ரேடியோவ நானே சரியாக்கினேன். உம்மா இப்ப அதுலதான் செய்தி கேக்குறா. ஒவ்வொரு நாளும் ஹெக்டர் அய்யாவுக்கு துஆ கேக்குறா."

பாடகர் குழுவிலிருந்து வந்திருந்த சுரேகாவும் எட்டிப் பார்த்தாள்.

"நாலாவது எனக்கு அனுப்பினது. கீபோர்ட்ல எனக்கு இடது கையே ஓடாது. இந்த சானலைப் பாத்துத்தான் பழகினனான். இண்டைக்கு அங்கிள்ட பூசைக்கு நான்தான் வாசிக்கிறன். பாட்டெல்லாம் எங்களுக்கு மனப்பாடம், தாள் வேணாம், டெனிஷா."

யாரும் ஏளனமாகச் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு தாள் கேட்டார்கள். கட்டிலை விட்டு இறங்காத மனுஷன் கொட்டாஞ்சேனையில் இத்தனை வீடுகளுக்குள் போய்வந்திருக்கிறார் என்று நினைக்க டெனிஷாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படி ஓர் அப்பாவைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். தன் பிழைக்கும் சேர்த்துத்தான்.

மேபல் தாளைத் திரும்ப எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. டெனிஷா தோளுக்கு மேலால் குனிந்து வாசித்தாள்.

"ஒன்பது: அக்கோடியன் வாசிக்கும் கிழவனும் கிழவியும். நான் இன்னும் பார்க்கவில்லை. மேபல் வேலை முடித்து வந்து பக்கத்தில் இருக்கும்போது சேர்ந்து பார்க்க."

குசினியில் தேநீருக்குக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக மேபல்தான் ஓடிப்போய் அதை நிறுத்துவாள். இன்று அசையவில்லை.

"மமி..." என்றாள் டெனிஷா.

"எல்லாருக்கும் குடு," என்றாள் மேபல்.

பெட்டியைத் தூக்க வந்தவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து ஹெக்டரின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"உன்ர போனைத் தா பிள்ளை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை."