தடித்த எழுத்து, குறுகிய பலகை

எழுத்து தடியாகவும் இருக்க வேண்டும், இடத்தையும் அடைக்கக் கூடாது. கணினிக்கு எழுத்துரு வரைகிற அவளிடம் போக்குவரத்துக் கழகத்தார் கேட்டது இதைத்தான். குண்டு ஆட்களாகப் பார்த்துப் பிடித்து ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைக்கிற வேலை. பஸ்ஸின் நெற்றிப் பலகையோ சின்னது, நிறுத்தங்களின் பெயரோ அனுமார் வால். ஒரு பஸ்ஸில் மாட்டிப் பார்ப்பார்கள். தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால் எல்லா பஸ்ஸுக்கும் அவள் எழுத்துதான். இல்லையென்றால் ஒரு வருட உழைப்பு குப்பைக்கு.

வரைந்ததை அச்செடுத்து வாசல் கதவில் ஒட்டுவாள். சமையலறைக் கோடியில் நின்று மாமனார் படிக்க வேண்டும்.

"மணிக்கூண்டு! பளிச்சுனு தெரியுதும்மா."

ஒரு நாள் அவசரத்தில் வேறு தாளை ஒட்டிவிட்டாள். அதற்கும் அவர், "மணிக்கூண்டு! பளிச்சுனு தெரியுது," என்றார்.

"மாமா, அது மீன் சந்தை."

"அட! எப்பவும் மணிக்கூண்டுதானே இருக்கும்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் இத்தனை நாளும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். அவ்வப்போது படித்துக் காட்டிய கணவனைக் கேட்டால் அவனும் அசடு வழிந்தான். "ஆசை ஆசையா ஒட்டுற. தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

பாசமாம் பாசம்! "துணைமின் நிலையம்" என்று புதிதாக ஒன்றை ஒட்டி, "இப்ப உள்ளதைச் சொல்லுங்க மாமா," என்றாள்.

"உள்ளதைச் சொன்னா, கரி அப்பின மாதிரி இருக்கும்மா."

கிட்டே போய்ப் பார்த்தாள். நெருக்கிய நெருக்கில் 'ணை'யின் சுழிகள் எல்லாம் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்துக் கிடந்தன. அழுகையே வந்தது. மறுநாளிலிருந்து வெளிக்கோட்டைத் தடியாகவே விட்டு, உள்ளே ஓடும் கோடுகளை மட்டும் இளைக்க வைத்தாள். அப்பாவையும் பிள்ளையையும் படிக்கிற உத்தியோகத்திலிருந்து நீக்கியும் விட்டாள்.

சோதனை நாளன்று நிறுத்தத்தில் போய் நின்றாள். வாடிக்கையாக வருகிறவர்கள் பலகையைப் பார்க்காமலேயே ஏறிவிடுவார்கள். வீட்டில் பட்டது போதும் என்று அவர்கள் பக்கமே அவள் திரும்பவில்லை. அப்போது தலையில் மூட்டையும் கையில் பையுமாக ஓர் அம்மாள் வந்து நின்றார்.

"ஏம்மா, துணைமின் நிலையத்துக்கு எந்த பஸ்? நான் ஊருக்குப் புதுசு."

பதில் நுனி நாக்கில் நின்றது. சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, தெரியாது என்று தலையாட்டினாள். பாவம், வெயிலில் நிற்கிற மனுஷிக்கு இப்படியா என்று மனது குத்தியது.

பஸ் தூரத்து வளைவில் திரும்பியது. அம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அடுத்த நொடி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்.

"அதோ வருதே!" என்றவர், திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு பெருசா போட்டிருக்கான்! பார்த்தா படிச்ச பொண்ணாட்டம் இருக்கே, இதைக்கூடப் படிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதுங்கம்மா," என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக.