மஞ்சள் தவளைகள் வந்த காலை

அம்மா போன பிறகு கார்குழலிக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மற்ற நாட்களில் ஸ்கேன் சென்டர் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "பேரு சொல்லுங்க, வயசு சொல்லுங்க, தண்ணி குடிச்சீங்களா" என்று பேச்சு ஓடிவிடும். ஒரு திங்கட்கிழமை காலை பால்காரருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டை கட்டிக் குரலே எழவில்லை. சனிக்கிழமை மதியத்திலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உடன் வேலை பார்க்கும் ஹேமலதாதான் அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். ஏரி, குளம் என்று சுற்றிப் பறவையும் பூச்சியும் பார்க்கிறவர்கள். குழுவை நடத்தும் ஜானகிராமன் மின்துறையில் இளநிலைப் பொறியாளர். கார்குழலி இரண்டு முறை போய்வந்தாள். எல்லோரும் நல்லவர்கள்தான். அவரவர் ஜோடியோடு வந்தார்கள், அவரவர் ஜோடியோடு பேசினார்கள்.

அவள் வீட்டுக் குளியலறை வாளிக்குப் பின்னால் ஒரு தேரை குடியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் குழுவில் கேட்டாள்: "தவளை பார்க்க எந்த மாசம் நல்லது?"

ஜானகிராமன் நீளமாகப் பதில் போட்டார். கோடையில் ஈரம் தேடி வீட்டுக்குள் வருவது தேரை. ஆடி, ஆவணி மாலை மழையில் சின்னத் தவளைகள் கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் சத்தம்தான். ஆனால் பெரிய ஆண் தவளைகள் மஞ்சளாக நிறம் மாறித் துணை தேடுவதைப் பார்க்க வேண்டுமென்றால், முதல் பெருமழைக்கு மறுநாள் காலை போக வேண்டும். மிஞ்சினால் இன்னொரு நாள். அப்புறம் பழையபடி சேற்று நிறம். முதல் பெருமழை கொட்டியதும் மறுநாள் விடிந்தவுடன் உழவர்கரையில் மழைநீர் தேங்கும் ஒரு பெரிய காலிமனைக்கு எல்லோரும் வந்துவிடுங்கள் என்று இடத்தையும் குறிப்பிட்டிருந்தார்.

ஐப்பசி பிறந்தும் வெயில்தான் காய்ந்தது. பிறகு ஓர் இரவு மழை பிடித்துக் கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் கார்குழலி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

காலிமனையில் யாரும் இல்லை. போனைப் பார்த்தாள். 'ரோடெல்லாம் தண்ணீர். ஞாயிறு போகலாம்' என்று யாரோ போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

திரும்பிவிடலாம் என்று வண்டியைத் திருப்பியவள், சத்தம் கேட்டு நின்றாள். கோரைப்புல்லை விலக்கிப் பார்த்தாள்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் எலுமிச்சம்பழங்களைக் கொட்டிவைத்ததுபோல் மஞ்சள் மஞ்சளாகத் தவளைகள். ஒவ்வொன்றும் கத்தும்போது தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பி அடங்கின. ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்தன, உதைத்தன, புரண்டன. பழுப்பு நிறப் பெண் தவளை ஒன்று எதையும் சட்டை செய்யாமல் கரையோரம் உட்கார்ந்திருந்தது. கார்குழலிக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ, பாரேன்!" என்று வாய்விட்டுச் சொல்லிப் பக்கத்தில் திரும்பினாள். அங்கே யாருமில்லை.

எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா தேடுற? எதுனா வுழுந்துடுச்சா?"

"இல்லீங்க. தவளை பாக்க வந்தேன். எவ்ளோ அழகா இருக்கு பாருங்க!"

"ராத்திரி பூரா தூங்கவுடல சனியன்" என்று சொல்லி அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

வேலைக்கு நேரமாகும்வரை கார்குழலி அங்கேயே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குழு முழுவதும் வந்தது, கேமராக்களும் வந்தன. தண்ணீர் கலங்கிக் கிடந்தது. சத்தமே இல்லை. கரையோரம் கறுப்புப் பொட்டுகளாகத் தலைப்பிரட்டைகள் மட்டும் நெளிந்தன. "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று முனகிக்கொண்டே எல்லோரும் டிபன் சாப்பிடக் கிளம்பினார்கள். ஜானகிராமன் மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

"சார், நான் அன்னிக்கே வந்தேன்" என்றாள்.

அவர் சட்டென்று திரும்பினார். "மஞ்சளா இருந்துச்சா?"

"நல்ல மஞ்சள். ரெண்டு பக்கமும் நீலமா உப்பிக்கிச்சு."

"போட்டோ?"

"எடுக்கணும்னே தோணல சார்."

அவர் கோபிக்கவில்லை. "நான் பாத்து வருஷக்கணக்காச்சு. மொத மழைன்னா எங்கயாவது கம்பி அறுந்துடும். டூட்டிக்கு ஓடணும். ஊருக்கெல்லாம் வாங்கன்னு சொல்றேன், என்னால வர முடியாது." கொஞ்சம் தயங்கினார். "எப்பிடி இருந்துச்சு, சொல்லுங்களேன்."

கார்குழலி சொன்னாள். பாய்ந்தது, புரண்டது, அந்தப் பெண் தவளையின் அலட்சியம், ஜன்னல் சாத்திய அம்மாள், ஒன்றையும் விடவில்லை.

"அடுத்த வருஷம் போன் பண்ணுங்க. தண்ணிகிட்ட புடிங்க. சத்தத்தையாவது கேட்டுக்கிறேன்" என்றார்.

"பண்றேன் சார்."

அதற்குள் அவர் போன் அடித்தது. எங்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினார்.

அவள் டிபன் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுக் கலைந்திருந்தார்கள். பெரிய மேசையில் எச்சில் தட்டுகள் அப்படியே கிடந்தன.

"எத்தினி பேர் மேடம்?" என்றான் பரிமாறுகிறவன்.

"நான் மட்டுந்தான்" என்று சொல்லி, சுவரோரத்தில் இருந்த சின்ன மேசையில் போய் உட்கார்ந்தாள். பொங்கல் தீர்ந்துவிட்டது என்றான். இருப்பதைக் கொண்டுவரச் சொன்னாள்.