பெட்டிகளுக்குப் போன குளிர்

அந்த வீட்டுச் சின்ன அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள் ஓய்வில்லாமல் ஓடின. அவற்றில் யாரும் படம் பார்ப்பதில்லை, விளையாடுவதில்லை. ஒன்றுக்குக்கூடத் திரை கிடையாது. பக்கத் தகடுகளைக் கழற்றிப் போட்ட வெறும் பெட்டிகள். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டியவன் ஒரு ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். அலுவலகம் அலுவலகமாகப் போய், சிக்கிய காகிதத்தை உருவி எடுத்துவிட்டு வருகிறவன்.

அவன் மனைவிக்கு நரம்பு நோய். மின்கம்பியின் மேலுறை உரிந்துபோவதுபோல, நரம்புகளின் உறை கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டு வந்தது. முதலில் இடது கால் தடுமாறியது, பிறகு இடது கை. அந்த உறையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்திடம் போதுமான கம்ப்யூட்டர்கள் இல்லை. அதனால் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக உடைத்து, யார் யார் வீட்டில் கம்ப்யூட்டர் ஓய்வாக இருக்கிறதோ அவர்களுக்கு இணையம் வழியாக அனுப்பி வைத்தார்கள். அந்தத் துண்டுகளை அவன் 'பொட்டலம்' என்பான். பொட்டலம் வரும், பெட்டி கணக்குப் போடும், விடை திரும்பிப் போகும், அடுத்த பொட்டலம் வரும். முகம் தெரியாத எத்தனையோ பேர் இப்படித் தங்கள் வீட்டு மின்சாரத்தை யாரோ ஒருவருடைய நோய்க்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு பிரார்த்தனைதான் என்பாள் அவள்.

அவனுடைய பிரார்த்தனை கொஞ்சம் அவசரக்காரப் பிரார்த்தனை. பெட்டியின் மூளையான பிராசசருக்குக் கம்பெனிக்காரன் ஒரு வேகம் வைத்து அனுப்புகிறான். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதை மீறியும் ஓட்டலாம். ஆனால் அடுப்பாகக் கொதிக்கும். அந்தக் கொதிப்பை இறக்க, உடைத்துப் போட்ட ஒரு காரின் ரேடியேட்டரை வாங்கிவந்து, மீன்தொட்டிப் பம்பு பொருத்தி, ரப்பர் குழாய் ஓட்டி, மூன்று பெட்டிகளுக்குள்ளும் தண்ணீர் சுற்றும்படி செய்திருந்தான். பெட்டிக்கு ஒரு வெப்பமானி. வேலைக்குப் போன இடத்திலிருந்தே மூன்றின் சூட்டையும் கைபேசியில் பார்க்கலாம்.

ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பொட்டலம் வாங்கினார்கள். குழுவில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். குளிர்ப் பிரதேசத்தில், கட்டடத்தின் அடித்தளத்தில் பெட்டிகளை வைத்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குப் 'பனிக்கரடி' என்று பெயர். மெக்கானிக்கின் பெயர் 'கொதிகலன்'.

"என்னப்பா கொதிகலன், இன்னைக்கு உன் பெட்டி மேல முட்டை வேகுமா?" என்று பனிக்கரடி போனில் கேட்பார்.

"முட்டை என்னண்ணே, கோழியே வேகும்."

கட்டிலில் இருந்தபடி அவள் சிரிப்பாள். அவளுடைய வலது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்தக் கையால்தான் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டாள். யாரையும் ஊட்டவிட மாட்டாள். நாத்தனாரான அவன் அக்கா ஒருமுறை ஸ்பூனை வாங்கப் பார்த்தபோது, "அண்ணி, இது ஒண்ணுதான் மிச்சம், இதையும் பிடுங்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் அவனிடமும் சொன்னாள். "மத்ததெல்லாம் போனாப் போகட்டுங்க. இந்தக் கையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லித் தினமும் கேக்குறேன்."

"யார்கிட்ட?"

"உங்க ஆராய்ச்சிக் கூடத்துக்கு மேல ஒரு ஆபீஸ் இருக்குல்ல, அங்கதான்."

டாக்டர் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். சூடு ஆகாது. உறை உரிந்த நரம்பு சூட்டில் தடுமாறும், கால் மடங்கும், கண் மங்கும், குளிர்ந்தால் பழைய நிலைக்கு வரும். அதனால் அவள் அறையில் ஏசி எப்போதும் ஓடவேண்டும் என்றார். ஓடியது.

கோடை வந்தது. ரேடியேட்டரில் சுற்றிய தண்ணீரே வெதுவெதுப்பாகிவிட்டது. பெட்டிகள் நிற்கவில்லை, முனகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் விடைகள் தப்பாகப் போயின. கூடத்தில் ஒரே பொட்டலத்தை இரண்டு வீடுகளுக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். அவன் விடைகள் யாருடையதோடும் ஒத்துப்போகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி ஆயின.

"மெஷின் நிக்கலியேன்னு ஏமாந்துடாத" என்றார் பனிக்கரடி. "சூடு ஏறினா அது சொல்லாது தம்பி. நல்லா இருக்குற மாதிரியே ஓடும். உள்ள எல்லாம் தப்பு. வேகத்தைக் குறை."

"குறைச்சா எப்பண்ணே முடியும்? இவளுக்கு நேரம் இல்லண்ணே."

குறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வேறு வழி ஒன்று தோன்றியது. அவள் அறைக்கும் சின்ன அறைக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. அதில் வட்டமாக ஓட்டை போட்டு, சமையலறைப் புகைபோக்கிக்கு மாட்டும் அலுமினியக் குழாயை நுழைத்தான். ஒரு முனை ஏசியின் வாயில், மறுமுனை ரேடியேட்டரின் முகத்தில். குளிரில் பாதி அவளுக்கு, பாதி பெட்டிகளுக்கு. அன்று சில விடைகள் ஒத்துப்போயின. வேலையிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே வந்து அதைச் சொன்னான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளாகவே பேச்சை எடுத்தாள். "எனக்கு இந்தக் காத்து ஒத்துக்கலைங்க. ரொம்பக் குளிருது. மொத்தத்தையும் அந்தப் பக்கமே திருப்பி விட்டுடுங்களேன்."

"டாக்டர் சொன்னது?"

"டாக்டரா இங்க படுத்திருக்காரு? எனக்குத்தானே குளிருது."

கழுத்துவரை போர்த்தியிருந்தாள். அவன் போர்வைக்குள் கைவிட்டு அவள் பாதத்தைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. நோய் வந்த நாளிலிருந்து அந்தப் பாதங்கள் எந்தக் காலத்திலும் ஜில்லென்றுதான் இருந்தன. அது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை. குழாயின் வாயை அகலமாக்கி, ஏசியின் வாயை முழுவதுமாக மூடிப் பொருத்தினான்.

அதன் பிறகு பெட்டிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. விடைகள் எல்லாம் ஒத்துப்போயின. "கொதிகலன் பேரை மாத்தணும்ப்பா" என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலந்தோறும் அவன் வந்து சொல்வான், அவள் கேட்பாள். அவள் ஸ்பூன் தட்டின் விளிம்பில் தட்டித் தட்டி நகர்ந்ததை அவன் கவனிக்கவில்லை. எதிரே இருந்தவளைவிடக் கைபேசியில் இருந்த எண்களைத்தான் அவன் கண்கள் அதிகம் பார்த்தன.

கவனித்தது அவன் அக்கா. சலவைக்கடை வைத்திருப்பவள். மதிய நேரத்தில் கடையை மூடிவிட்டுத் தம்பி மனைவியைப் பார்க்க வருவாள். ஒருநாள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா இது, நாள் பூரா இஸ்திரிப் பெட்டியோட கிடக்குறவ நான், எனக்கே உள்ள நுழைஞ்சா வேர்க்குது. அவ எப்படிடா இருப்பா?"

"அவதான்க்கா குளிருதுன்னா."

"அவ சொல்லுவா. உனக்கு எங்கடா போச்சு புத்தி?"

"தொட்டுப் பாத்தேன்க்கா. கால் ஐஸ் மாதிரி இருக்கு."

"காலைத் தொட்ட, சரி. மூஞ்சியப் பாத்தியா?" என்றாள் அக்கா. இந்த வாரப் பொட்டலங்கள் முடியட்டும், அப்புறம் இன்னொரு ஏசி வைத்துவிடலாம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த வாரம் முடியவில்லை. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு, விரல் கறுப்பைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்துப் பார்த்தான். மூன்று எண்களும் இதுவரை இல்லாத அளவுக்குக் கீழே இறங்கியிருந்தன. அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் அழைப்பு வந்தது.

"வாடா" என்றாள். உடனே துண்டித்துவிட்டாள்.

வெயில் சுவரைச் சுட்ட மதியத்தில் அவன் மனைவிக்குக் கண் மங்கியிருக்கிறது. மேசைமேல் இருந்த ஜாடித் தண்ணீரில் துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று எழுந்திருக்கிறாள். இரண்டு கால்களும் ஒன்றாக மடங்கிவிட்டன. விழும்போது தாங்குவதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒரு கைதான். அதை ஊன்றியபடி, முழு உடம்பும் அதன்மேல் விழுந்தது. அக்கா ரொட்டியும் சூப்பும் எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்கும்வரை அவள் தரையில் கிடந்தாள். பக்கத்து அறையில் பெட்டிகள் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. எலும்பு சேரும், விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்ல முடியாது என்பதை அவர் சொன்ன விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். அங்கே குளிர்ச்சியாக இருந்தது. அவள் கண்கள் தெளிந்திருந்தன.

"குளிரலைங்க" என்றாள்.

"தெரியும்."

"ஒருநாள்கூடக் குளிரல."

"ஏன் சொல்லல?"

"விடை ஒத்துப்போச்சுன்னு வந்து நின்னீங்க பாருங்க, அந்த மூஞ்சிய நான் பாத்து எத்தனை காலமாச்சு? அதைக் கெடுக்க மனசு வரல." கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "பொய் சொன்னதுக்கு மேல் ஆபீஸ்ல மெமோ குடுத்துட்டாங்க."

"அவங்க அப்படிக் குடுக்க மாட்டாங்க" என்றான் அவன். "அந்த மெமோல இருக்குறது என் கையெழுத்து."

அவன் மட்டும் வீட்டுக்கு வந்ததும் மூன்று பெட்டிகளையும் நிறுத்தினான். பம்பு கடைசியாக ஒருமுறை கொப்பளித்து அடங்கியது. அந்த அமைதியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். சூடு ஏறினால் மெஷின் சொல்லாது என்று அவனுக்கு ஒருவர் சொல்லியிருந்தார். அவன் நம்பவும் செய்தான். அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெப்பமானி வைத்தான். அவள் அறையில் ஒன்றுகூட இல்லை.

கைபேசி அடித்தது. பனிக்கரடி. "உன் பெட்டி மூணும் இருட்டாயிடுச்சே, கரண்ட் போச்சா தம்பி?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். குழாயை, பாதத்தை, அக்கா கேட்டதை, அந்த மதியத்தை. நின்றுபோன பொட்டலங்களைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தான்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு எப்ப வருது?" என்றார் அவர்.

"நாளைக்குண்ணே."

"அந்த ரூம்ல இப்ப எத்தனை டிகிரி?"

அவனுக்குத் தெரியவில்லை.

"பாத்துச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

அவன் எழுந்தான். குழாயைப் பிடுங்கிப் போட்டான். நடுப் பெட்டியின் பிராசசரோடு ஒட்டியிருந்த வெப்பமானியைக் கழற்றி, பசையைத் துடைத்து, அவள் தலையணை இருக்கும் இடத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டான். எண் இறங்கி நிற்கும்வரை பக்கத்தில் நின்று, படித்துச் சொன்னான்.

"சரி. நாளைக்கும் கேப்பேன்" என்றார் பனிக்கரடி.

கேட்டார். தினமும் கேட்டார். அவன் பெட்டிகளில் பாதியில் நின்றுபோன பொட்டலங்களைக் குழுவில் யார் யாரோ எடுத்து முடித்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் அவள் போனைக் காதில் வைக்கச் சொல்லி, "அண்ணே, நீங்க பனிக்கரடின்னா என்னைய இப்ப பனிக்கட்டி ஆக்கிட்டாரு, போதும்னு சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் கிழவர் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது.

கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், அவளும் முனைந்து பார்த்தாள். பெருவிரல் மட்டும் லேசாக அசைந்தது.

அக்கா ஊட்ட வந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவன் சின்ன அறைக்குள் போனான். தண்ணீர் சுற்றிய ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி, கழுவி, ஸ்பூனின் காம்பில் செருகினான். காம்பு தடித்தது. அதை அவள் இடது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான். முதலில் நோய் தின்ற கை அது. மெல்லியதைப் பிடிக்காது, தடித்ததை எப்படியோ பிடித்தது.

ஸ்பூன் சூப்பில் இறங்கி ஏறியது. பாதி வழியில் கை உதறி, எல்லாம் போர்வையில் கொட்டியது. அவன் கை தானாக நீண்டது.

"விடுங்க" என்றாள். மறுபடியும் ஸ்பூன் இறங்கியது. "பெட்டி ஏன் சத்தமே போடல?"

"நிறுத்திட்டேன்."

"ஒண்ணை மட்டும் போடுங்க. கம்பெனி வச்ச வேகத்துலயே ஓடட்டும். ஏசி மட்டும் எனக்கு."

"அந்த வேகத்துல ஓடினா உனக்கு உதவாதும்மா. எப்ப முடியுமோ."

"எனக்குன்னு யாரு கேட்டா? உங்க குழுக்காரங்க மட்டும் என்ன, என்னையத் தெரிஞ்சா கணக்குப் போட்டாங்க?"

ஸ்பூன் கை நழுவித் தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்து, கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினான். சூப் ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறையும் ஸ்பூன் நழுவி விழுந்தது. கழுவக் குழாயடிக்குப் போகிற வழியில் சின்ன அறையில் நின்று, ஓரத்துப் பெட்டியின் பொத்தானை அழுத்தி, அதைக் கம்பெனி வைத்த வேகத்துக்கே இறக்கிவைத்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

திரும்பி வந்தபோது அவள் தட்டை நெஞ்சருகே இழுத்து வைத்துக்கொண்டு, இடது கையைத் திறந்து காத்திருந்தாள்.