இடுப்பளவு வெளிச்சம்

அம்மா நேராகப் போய்ப் புதுக் காரின் மூக்குக்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டு விளக்கைப் போடச் சொன்னாள். சொன்னாள் என்றால் கையால். ஐந்து விரலையும் குவித்து, காரைப் பார்த்துப் பட்டென்று விரித்தாள். ஷோரூம்காரருக்கு அது புரிந்துவிட்டது. எதற்கு என்பதுதான் புரியவில்லை. "மேடம், இங்க பக்கத்துல நின்னு பார்த்தாத்தானே லைட் எப்படி இருக்குன்னு தெரியும்? அம்மா எதுக்கு அங்க போய் நிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் என்னுடையது. "வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுதுன்னு பார்க்கிறாங்க" என்று அடித்துவிட்டேன்.

அம்மா, அப்பா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று பேரின் பேச்சையும் ஒரே வாய் பேச வேண்டியிருந்ததால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் என்று எல்லா இடத்திலும் எட்டு வயதிலிருந்தே நான்தான் பேசினேன். போகப் போக ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. யாராவது ஏதாவது கேட்டால் அம்மாவிடம் சொல்லி, அவள் பதிலை வாங்கி, திருப்பிச் சொல்வதற்குள் நேரமாகிறதே என்று நானே பதில் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அன்றைக்குக் காலையில்கூட அப்படித்தான். என்ன நிறம், எத்தனை பேர் போவீர்கள், யார் ஓட்டுவார்கள் என்று ஷோரூம்காரர் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா இரண்டு முறை என் முழங்கையைத் தட்டினாள். அப்பா ஒரு காரின் கதவுப் பிடியைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மரச்சாமான் பட்டறையில் முப்பது வருடமாகப் பாலிஷ் போடுகிறவர். எதைத் தொட்டாலும் முதலில் வழவழப்பைத்தான் பார்ப்பார்.

இன்னும் மூன்று வாரத்தில் எனக்கு வேலை மாறி வேறு ஊர். போவதற்குள் இந்தக் காரை முடித்துவிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பழைய கார் கிழடு தட்டிவிட்டது. சட்டைத் தொழிற்சாலையில் அம்மாவின் வேலை ஏழு மணிக்கு முடியும். தினமும் அப்பா போய்க் கூட்டிவருவார். தெருவிளக்கு இல்லாத நீண்ட சாலை. ஹார்ன் கேட்காத மனிதருக்குக் கண்தான் எல்லாம். அதனால் கார் எதுவாக இருந்தாலும் முன்விளக்கு மட்டும் உயர்ந்த ரகமாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஒரே காரில் இரண்டு வகை இருந்தன. கீழ் மாடலில் பழைய மஞ்சள் பல்பு. மேல் மாடலில் லென்ஸ் வைத்த எல்.இ.டி. இரண்டையும் ஷோரூமின் நிலத்தடி வாகன நிறுத்தத் தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அங்கிருந்த குழல்விளக்குகளை எல்லாம் அணைத்துக் காட்டுங்கள் என்று கேட்டதும் நான்தான். பாவம், ஷோரூம்காரர் ஒவ்வொரு சுவிட்சாகத் தேடிப்போய் அணைத்துவிட்டு வந்தார்.

முதலில் எல்.இ.டி. அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து ஷோரூம்காரர் விளக்கைப் போட்டார். போட்டதும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. வெளிச்சமா அது! எதிர்ச் சுவரில், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல ஒரு விளிம்பு. விளிம்புக்குக் கீழே பட்டப்பகல். தரையில் எப்போதோ காய்ந்துபோன டயர் தடம், ஒரு திருகாணி, அதன் குட்டி நிழல் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அம்மாவின் செருப்பு வாரில் விட்டுப்போயிருந்த தையலைக்கூட என்னால் எண்ண முடிந்தது. விளிம்புக்கு மேலே கும்மிருட்டு. "எதிர்ல வர்றவங்க கண்ணு கூசவே கூசாது மேடம். கோட்டுக்கு மேல ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. அதுதான் இதோட அருமை" என்றார் ஷோரூம்காரர். விற்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே ரசித்துச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அம்மா கையைத் தூக்கிப் பேசினாள். பேசினாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு இடுப்புக்குக் கீழேதான் அம்மா இருந்தாள். இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, உள்விளக்கின் வெளிச்சத்தில், அப்பா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். தெரியவில்லை. ஷோரூம்காரர் உள்ளே கைவிட்டு விளக்கை உயர்த்திப் போட்டார். அவ்வளவுதான், அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் அம்மாவுக்குக் காதும் மூடிவிடும். நான் ஓடிப்போய்த் தோளைத் தொடும்வரை அவள் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்தது மஞ்சள் பல்பு. அப்பா அந்தக் காருக்குள் மாறி உட்கார்ந்தார். ஒழுங்கில்லாத, மேலும் கீழும் சிந்துகிற வெளிச்சம். ஷோரூம்காரருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சிந்தலில் அம்மா தலையிலிருந்து கால்வரை முழுசாக இருந்தாள். கைகள் தோளுக்கு மேலே போயின, வயிற்றுக்கு இறங்கின, காற்றில் ஒரு சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தன. மேற்பார்வையாளர் ஒருத்தி நடப்பதை அப்படியே நடந்து காட்டினாள். அப்பா உள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கார் லேசாக ஆடியது.

அம்மா என்னிடம் திரும்பி, இதுதான் வேண்டும் என்றாள்.

"என்ன விளையாட்டா?" என்று நான் கையாலேயே கத்தினேன். கையால் கத்த முடியும். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "உயிர் முக்கியமா, இந்தக் கூத்து முக்கியமா?"

அப்போதுதான் அம்மா சொன்னாள். அவள் கை சொன்னதை என் வாய்ப்பேச்சில் எழுதுகிறேன். "தினமும் வேலை முடிஞ்சதும் அப்பா வண்டியைக் காம்பவுண்டு சுவர் தாண்டி நிறுத்துவார். கேட் பக்கத்துல நின்னா எல்லாரும் என் கையையே பார்ப்பாங்க. அங்க யாரும் இல்லை. அவர் உள்ள உக்காந்து லைட்டைப் போடுவார். நான் முன்னாடி நின்னு அன்னைக்கு நடந்ததை எல்லாம் சொல்லுவேன். அவரும் சொல்லுவார். பத்து நிமிஷம். வண்டி கிளம்பினா அவர் ரோட்டைத்தான் பார்க்கணும். அது நான் போட்ட சட்டம்."

"வீட்டுக்கு வந்து பேசுறதுதானே?"

"வீட்டுல எப்படி? நான் பாத்திரம் கழுவுவேன், அவர் காய் வெட்டுவார். கை வேலையா இருந்தா நாங்க ஊமைடி."

"வண்டிக்குள்ள லைட் இருக்கே?"

"பக்கத்துல உக்காந்தா பாதி மூஞ்சிதான் தெரியும். கையை வீசினா கதவுல இடிக்கும். அது முணுமுணுக்கிற மாதிரி. எனக்கு நின்னு வாய்விட்டுப் பேசணும்."

அவர்கள் தாமதமாக வருவதற்குச் சாலையில் நெரிசல் என்று அண்டை வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை நான் பதில் சொல்லியிருக்கிறேன். இவர்களுடைய பேச்சு முழுக்க என் வழியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் தெரியாமல் இருட்டுச் சாலை ஓரத்தில் தினமும் ஒரு கச்சேரியே நடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கூடவே, இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தையலில் பிசகு தேடுகிறவள், அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு சேர்த்துவைத்துக்கொண்டு வருகிறாள்.

ஷோரூம்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல்முறையாக, ஒரு வார்த்தையும் சேர்க்காமல், விடாமல், அம்மா சொன்னதை அவருக்குச் சொன்னேன். "அப்படீங்களா" என்றார். தலையைச் சொறிந்தார். "அப்ப மஞ்சளே எடுத்துக்கோங்க மேடம்" என்று சொல்ல வாயெடுத்தபோது, அப்பா காரைவிட்டு இறங்கி வந்து அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நின்றார்.

அப்பா அதிகம் பேசாதவர். அவர் கை மெதுவாகத்தான் நகரும். "வேண்டாம்" என்றார். "எனக்கு அந்த வெள்ளை லைட்தான் வேணும்."

அம்மா புருவத்தைத் தூக்கினாள்.

"போன மாசம், உன்னைக் கூப்பிட வர்ற வழியில, ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். கறுப்புச் சட்டை. எனக்குத் தெரியவே இல்லை. சைக்கிள் பின்சக்கரம் பம்பர்ல உரசினப்பதான் தெரிஞ்சது. பிரேக்கை மிதிச்சேன். அவருக்கு ஒண்ணும் ஆகலை. வாய் அசைஞ்சது, திட்டினார். கும்பிட்டேன். அரை மணி நேரம் வண்டியை ஓரமா நிறுத்தி உக்காந்திருந்தேன்."

"அன்னைக்கு டயர்ல காத்து இல்லைன்னு சொன்னீங்க" என்றாள் அம்மா.

"பொய்."

எங்கள் பேச்சில் பொய் சொல்வது லேசில்லை. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பிசகும் தப்பாத அம்மாவின் கண்ணிலேயே அது தப்பியிருக்கிறது என்றால், பழைய காரின் மங்கிய உள்விளக்கைத்தான் சொல்ல வேண்டும். அம்மா அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். அது பேச்சு இல்லை, ஆனால் அவர் பேச முடியாதபடி பிடித்த பிடி. விட்டதும் எல்.இ.டி. காரைக் காட்டி, "இதையே எடு" என்று என்னிடம் சொன்னாள். நான் நினைத்ததுதான் நடந்தது. ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. நானும் போன பிறகு, கை இரண்டும் சும்மா இருக்கிற அந்தப் பத்து நிமிடமும் போய்விட்டால் இவர்கள் யாரிடம் என்ன பேசுவார்கள்?

அப்பாதான் விடவில்லை. எல்.இ.டி.யைப் போடச் சொல்லிவிட்டு அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். தான் முன்னால் போய்த் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இப்போது அவர் முழுக்க வெளிச்சத்துக்குள் இருந்தார், நகக்கண்ணில் ஏறிய பாலிஷ் கறைவரை தெரிந்தது. ஆனால் கண் கூசி, எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர்போல முகத்தைச் சுளித்தார். அம்மா உள்ளிருந்து என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டே அம்மா அவரை நாலு திட்டுத் திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க சார்" என்று சத்தமாகச் சொன்னார் ஷோரூம்காரர். காது கேட்காதவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, கையால் 'இருங்க' என்று காட்டினார். அன்று காலையிலிருந்து அவர் அப்பாவிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது. வண்டி கழுவுகிற மூலைக்கு ஓடி, சக்கரம் துடைக்கும்போது உட்காருகிற குட்டை முக்காலி ஒன்றை எடுத்துவந்து வைத்தார். அப்பா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு காருக்குள் போனார். அம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்தாள், ராணி சிம்மாசனத்தில் உட்காருகிற மிடுக்கோடு.

வெளிச்சத்தின் விளிம்பு அவள் தோளோடு நின்றது. கண் கூசவில்லை. கைகள் இரண்டும் பகலில் இருந்தன. கையில் பட்ட வெளிச்சம் திரும்பி மேலே போய் முகத்தில் விழுந்தது, அடுப்பு வெளிச்சம் முகத்தில் விழுவதைப்போல. அவள் ஒரு விரலைத்தான் அசைத்தாள், அப்பா உடனே உள்ளேயிருந்து தலையாட்டினார். பழைய விளக்கில் தெரியாத ஒரு விரல் அசைவு. எத்தனை வருடத்துப் பேச்சில் இப்படிச் சின்னச் சின்னதாக எத்தனை விட்டுப்போயிருக்குமோ.

அம்மா என்னைப் பார்த்து, "இந்த முக்காலி வண்டியோட வருமான்னு கேளு" என்றாள். கேட்டேன். ஷோரூம்காரர், "நான் சொல்லி வாங்கித் தர்றேன்மா" என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார்.

அதோடு அவர்கள் எங்களை மறந்துவிட்டார்கள். அம்மா முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அப்பா ஸ்டீயரிங் மேல் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தார். "என்ன மேடம் சொல்றாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார் ஷோரூம்காரர். என் வாய் திறந்தது, பிறகு தானாகவே மூடிக்கொண்டது. "அது அவங்களுக்குள்ள" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒட்டுக் கேட்கக் கூடாதென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நான் அம்மாவைத் தாண்டிப் போய், அவளுக்குப் பின்னால் இருந்த சுவர்ப்பக்கம் திரும்பினேன். சுவரில் அம்மாவின் கைகள் இருந்தன. வெளிச்சத்தின் விளிம்புவரை, கருகருவென்று, ஒவ்வொரு விரலும் ஒரு முழ நீளத்துக்கு. அவள். போவாள். வீடு. நாம் ரெண்டு பேர். அதற்குப் பிறகு இரண்டு கையும் மெல்ல விரிந்து அப்படியே நின்றன. எங்கள் பேச்சில் பாதி கையில் இருக்கிறது, மீதி முகத்தில். அது பயமா, கேலியா, இனிமேலாவது நிம்மதி என்று சொல்கிறாளா, முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். நிழலுக்கு முகம் இல்லை. எனக்குப் பின்னால் காருக்குள்ளிருந்து அப்பாவின் சிரிப்பு கேட்டது, அவருக்கே ஒருநாளும் கேட்டிராத அந்தக் கரகரத்த சிரிப்பு. நான் திரும்பவில்லை. சுவரில் அந்தப் பெரிய கைகள் மறுபடி எழுந்து, அடுத்த கதையை ஆரம்பித்தன.