மண்ணுக்கு ஆதாரம், அம்மாவுக்கு ஆதாரம்

நார்வேயில ஏழு வருஷம் பிரசவம் பார்த்தவ நான். நானூத்திப் பன்னெண்டு குழந்தைங்க என் கையிலதான் விழுந்துச்சு. எனக்குன்னு ஒண்ணு பிறக்கல. அதைப் பத்தி எங்க வீட்டுல பேச்சே கிடையாது.

அப்புறம் அமெரிக்கா வந்தோம். தொண்ணூத்தெட்டுல, ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல க்ரீன் கார்டு கைக்கு வந்ததும் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணினேன். அது வந்தாத்தான் மறுபடி பிரசவ அறைக்குள்ள கால் வைக்க முடியும்.

நார்வே சர்டிபிகேட்ல என் வேலை 'யூர்மூர்'னு இருந்தது. மருத்துவச்சின்னு ஒரே வார்த்தையில சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரர் சாந்தகுமார் விடுவாரா? கேட்டதுக்கு மேல நாலு பேப்பர் இணைச்சு, நோட்டரி சீல் குத்தினாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். லைப்ரரியில அகராதியைப் பிடிச்சு ரெண்டு பக்கம் எழுதித் தள்ளிட்டார். யூர்னா மண்ணாம், மூர்னா அம்மாவாம். அந்தக் காலத்துல பிறந்த பிள்ளையைத் தரையில கிடத்துவாங்களாம், அதைத் தூக்கி எடுக்கிறவளுக்கு அந்தப் பேராம்.

மூணு வாரத்துல லைசென்ஸ் ஆபீஸ்லேர்ந்து பதில் வந்தது. மண்ணுக்கு ஆதாரம் அனுப்பவும். அம்மாவுக்கு ஆதாரமா, பிள்ளையோட பர்த் சர்டிபிகேட் அனுப்பவும்.

"மண்ணுக்கு நம்ம கறிவேப்பிலைத் தொட்டி ஃபோட்டோ போதும், ஜெபி"ன்னார். இன்னொண்ணைப் பத்தி அவர் வாயைத் திறக்கல.

வீம்புக்கு நானூத்திப் பன்னெண்டு பேர் லிஸ்டை அனுப்பினேன். அத்தனை பேரோட தடுப்பூசி அட்டையையும் கேட்டாங்க.

சரின்னு நேர்லயே போனோம். கவுன்ட்டர்ல இருந்த அம்மா ஃபைலைப் புரட்டிட்டு, "தரையிலேர்ந்து தூக்கிக் காட்டுங்க. குழந்தை கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டா.

"இல்ல."

"அப்ப இது ரிஜெக்ட்."

நான் எழுந்துட்டேன். திரும்பினா, இவர் ஷூவைக் கழட்டி ஓரமா வச்சுட்டு கார்ப்பெட்ல மல்லாந்து படுத்திருக்கார். எண்பத்திரண்டு கிலோ. காலை வேற மடக்கிக்கிட்டார். மானமே போச்சு.

"தூக்கு ஜெபி"ன்னார்.

தூக்கினேன். கழுத்துக்கடியில ஒரு கை, இடுப்புக்கடியில ஒரு கை. பழக்கம் எங்க போகும், முதுகுல ரெண்டு தட்டும் தட்டிட்டேன். அழ ஆரம்பிச்சார். நடிக்கிறார்னுதான் நினைச்சேன். ஆனா நிறுத்தவே இல்ல.

அந்தம்மா எடையைக் குறிச்சுக்கிட்டு ரெண்டு பேப்பர்ல சீல் குத்தினா. ஒண்ணு என் லைசென்ஸ். இன்னொண்ணு பர்த் சர்டிபிகேட். பிள்ளையின் பெயர் சாந்தகுமார், தாயின் பெயர் ஜெபினா.

அந்த நானூத்திப் பன்னெண்டு பர்த் சர்டிபிகேட்லயும் என் பேர் கையெழுத்துப் போடுற இடத்துலதான் இருந்திருக்கு. லைசென்ஸை அவர்கிட்ட கொடுத்துட்டு, அந்த இன்னொரு பேப்பரை என் பர்ஸ்ல வச்சுக்கிட்டேன்.