நிரந்தரவாசியின் குறட்டை

டைல்ஸ் கடைக்காரர் வெளிநாட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிய அன்று அவருடைய குறட்டை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அவர் எழுந்து, பல் தேய்த்து, பெட்டியையும் பூட்டிவிட்டார். படுக்கையறையில் அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கூடத் தங்கியிருந்த மனைவியின் தம்பிதான் முதலில் கவனித்தான்.

"அத்தான், நீங்க எழுந்துட்டீங்க, அது இன்னும் எழுந்திரிக்கல."

கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "தூங்கட்டும்டா. எழுப்பிடாத."

அந்த நாட்டு நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர்., நிலைக்க வேண்டுமானால் அந்த நாட்டில் வசிக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் அவருக்கு ஒத்துவரவில்லை. அங்கே அவர் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறவர். இங்கே சொந்த ஊரில் தன் கடைக் கல்லாவில் உட்கார்ந்தால் வணக்கம் வைக்க நாலு பேர். ஆனால் அந்த வணக்கமே வசிப்புரிமைக்குத்தான் என்பது அவர் கணிப்பு. விசிட்டிங் கார்டில் கடைப் பெயருக்கு மேலே 'பி.ஆர்.' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார். கரண்ட் போனால், "எங்க நாட்டுல இதெல்லாம் கிடையாது" என்பார். அது கைவிட்டுப் போனால் அவர் வெறும் டைல்ஸ் கடைக்காரர்.

குறட்டை பொறுப்பாக வசித்தது. சோதனைக்கு வந்த குடியேற்ற அதிகாரி அறைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, பாவம் உழைத்துக் களைத்த மனிதர் என்று அடிமேல் அடிவைத்து நடந்து போனார். கீழ்வீட்டுக்காரர்கள் கொஞ்ச காலம் கம்பால் கூரையை இடித்தார்கள். அப்புறம் அவர்களுடைய கைக்குழந்தை அந்தச் சத்தம் இல்லாமல் கண்மூட மறுத்தது. இங்கேயோ கடைக்காரர் ஊமையாகத் தூங்கினார். கல்யாணமானதிலிருந்து அந்தச் சத்தத்தைத் திட்டித் திட்டியே தூங்கிப் பழகிய மனைவிக்கு, மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தே பொழுது விடிந்தது.

"அதை இங்க அனுப்பிட்டு நீங்க அங்கேயே இருந்திருக்கலாம்," என்றாள்.

சில வருடம் கழித்து, உரிமையைப் புதுப்பிக்க அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அதே அதிகாரி வீட்டுக்கே வந்தார்.

"உள்ள ஒருத்தர் தூங்குறாரே, அப்ப நீங்க யாரு?"

"அது என்னோடதுங்க."

"அப்படியா? எங்க, படுத்துக் காட்டுங்க."

கடைக்காரர் சோபாவில் படுத்தார். பயணக் களைப்பில் நிஜமாகவே தூங்கியும்விட்டார். மூச்சு வந்து போவதுகூடக் கேட்கவில்லை. எழுந்தபோது முடிவாகியிருந்தது: வசிக்காதவருக்கு உரிமை ரத்து, ஒரு நாள்கூட எல்லை தாண்டாத குறட்டைக்கு முழுக் குடியுரிமை.

"வெளி ஆளுக்கா போச்சு, விடுங்க அத்தான்," என்றான் மைத்துனன்.

அதற்குள் மனைவி உள்ளறையில் போய்ப் படுத்திருந்தாள். மறுநாள் மதியம்தான் எழுந்து வந்தாள். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுங்க."

"ரெண்டையுமா?"

"என்னோடதை மட்டும்."

குடிமகனின் மனைவி என்ற வகையில் அவளுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. புருஷனை அடையாளம் தெரிகிறதா என்று அதிகாரி கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டே தெரிகிறது என்று சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் திரும்பி வந்து கார்டை மாற்றி அடித்தார்: 'குடும்பம் வெளிநாட்டில்.' அதே தங்க எழுத்து. வணக்கத்துக்குக் குறைவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, குறட்டையின் உத்தரவாதத்தில், விசிட்டர் விசாவில் போய் ஹால் சோபாவில் படுத்துவிட்டு வருகிறார். சத்தமில்லாமல் தூங்குகிற விருந்தாளி என்று அந்த வீட்டில் அவருக்கு நல்ல பெயர்.